நாற்காலியின் விளிம்பு

இதை எனக்கு முதலில் சொன்னது கோயிலில் பூக்கட்டும் கோமளவல்லி அக்கா. என் மூத்தவன் ஹோட்டல் வேலைக்கென்று வெளியூர் கிளம்பிய வாரம், பிரதோஷத்துக்கு மாலை கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, என் முதலாளி என்னைப் பொய் சொல்லச் சொல்றார்."

மடத்துக்கு வந்து நின்றவர் ஹோட்டல் சப்ளையர் அழகிரி. கேட்டுக்கொண்டிருந்தவர் அந்தக் குளக்கரை மடத்துச் சாமியாரம்மா. வயதில் அழகிரியைவிடச் சின்னவர்தான். ஆனாலும் ஊருக்கெல்லாம் அம்மா.

"என்ன பொய்?"

"'இது என் ஹோட்டல்'னு."

காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள். முதலாளி தில்லைநாயகம் அந்த வரியை எடுத்துக்கொடுக்க, வேலையாட்கள் எல்லாரும் கைகூப்பி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விசுவாசம் வளருமாம்.

"வருஷக்கணக்கா சொல்லிட்டுத்தானே இருந்தீங்க?"

"சொன்னேன். நேத்து மதியம் கூட்டம் ஓஞ்சுபோச்சு. ஹால்ல ஒரு ஈ காக்கா இல்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுது. கடைசி டேபிள் நாற்காலி விளிம்புல ஒண்டினேன். அவ்வளவுதான். கல்லாவிலேருந்து கத்துறார்: 'யாருடா அது கஸ்டமர் நாற்காலியில? எழுந்திரு!'"

அழகிரி குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையில வாய் வரலைம்மா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் மட்டும் தனியாச் சொல்லணுமாம். இல்லேன்னா யூனிபாரத்தைக் கழட்டி வெச்சிட்டுப் போகணுமாம். வீட்ல என் ஒருத்தன் சம்பாத்தியம். சொல்லவா, வேண்டாமா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் வர்றேன்."

"வந்து?"

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

மறுநாள் காலை கடை வாசலில் அம்மாவைக் கண்டதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கம்மா, வாங்க! நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை. சோறு போட்ட கடையை என் கடைன்னு சொல்ல இவனுக்கு நாக்கு வரலை. இந்தக் காலத்துல யாருக்கும்மா விசுவாசம் இருக்கு?"

சமையல்கட்டு மரியதாஸ் அழகிரியின் காதோரம் முணுமுணுத்தான்: "சொல்லித் தொலைங்கண்ணே. நானும்தான் தினம் என் ஹோட்டல்ங்கிறேன். ஒரு வடையைத் தொட முடியுதா?"

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்து, தோள் துண்டால் தட்டி, அம்மாவுக்குப் போட்டார்.

அம்மா உட்காரவில்லை.

"அழகிரி, உட்காருங்க."

அழகிரி முதலாளியைப் பார்த்தார். நகரவில்லை.

"உட்காருங்க."

"அம்மா... முதலாளி..."

நின்று நின்றே நரம்பு சுருண்டுபோன அவர் கால் வெடவெடவென்று ஆடியது. மடங்கவில்லை.

அம்மாவின் முகம் சிவந்துபோனது. அதுவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"வாய்கிட்ட எதுக்குய்யா கேட்கறீங்க? அந்த முழங்காலைக் கேளுங்க, இது யார் ஹோட்டல்னு!"

முதலாளி சாமி படத்தின் பக்கம் திரும்பி அவசரமாகக் கைகூப்பினார்.

"சரி சரி, நேரமாச்சு. எல்லாரும் சொல்லுங்க. இது என் ஹோட்டல்!"

மரியதாஸ் வாய் திறக்கவில்லை. மாவு ஆட்டுகிறவள் திறக்கவில்லை. மேசை துடைக்கிறவர் திறக்கவில்லை.

"இது என் ஹோட்டல்!"

அவர் குரல் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

அழகிரி நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். விளிம்பில் இல்லை, முதுகு சாய நன்றாக உட்கார்ந்தார்.

எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

கோமளவல்லி அக்கா இத்தோடு நிறுத்தி, மாலையின் நாரை முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, கல்லாவில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்க ஆளுங்க உட்கார எங்கேங்க இடம் போட்டிருக்கீங்க?"