பேச்சியம்மா வீட்டு அண்டா

ஒரு ஊர்ல ஒரு பேச்சியம்மா இருந்தா. ம் கொட்டணும், கொட்டலைன்னா கதை அங்கயே நின்னுடும். ஆங், அப்படி. அந்தப் பேச்சியம்மாவுக்கு எல்லாம் வரும். சமைக்க வரும், மாட்டு வண்டி ஓட்ட வரும், தென்னை மரம்கூட ஏறுவா. ஒண்ணே ஒண்ணுதான் வராது. யாராவது எதையாவது கேட்டா மாட்டேன்னு சொல்ல வராது.

ஏன் தெரியுமா? அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவ அம்மா சொல்லியிருந்தா, வாசல்ல வந்து கேக்குறவங்ககிட்ட இல்லைன்னு சொன்னா வீட்டு லட்சுமி கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுவான்னு. அம்மா செத்து நாலு வருசமாச்சு. அந்தப் பேச்சு மட்டும் இவ காதை விட்டுப் போகலை. அதனால எவ வந்து கேட்டாலும் "எடுத்துக்கோங்க". ஊர்க்காரிகளுக்குக் கேக்கவா வேணும்? வந்தாங்க, எடுத்தாங்க, போனாங்க. கடைசியில அவ அடுப்படியில பல்லிக்கு ஓடி ஒளிய ஒரு பாத்திரம் கிடையாது.

அப்போ ஒரு வெள்ளிக்கிழமை சேதி வந்துச்சு. நாளைக்கு அவ தங்கச்சி பூரணத்துக்கு வளைகாப்பு. பொறந்த வீட்டுல இருந்து கட்டுச்சோறு போகணும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் செஞ்சு கொண்டு போயி மாசமா இருக்கிறவ முன்னால வைக்கணும். அம்மா இல்லை, அப்போ யாரு வைக்கணும்? அக்காதானே வைக்கணும். வைக்கலைன்னா அத்தனை சம்பந்தி சனத்துக்கு நடுவுல அந்தப் பொண்ணு கேக்க ஆளில்லாதவளா உக்காந்திருக்கும்.

சோறு வடிக்க அண்டா வேணும், மசால் அரைக்க அம்மிக் குழவி வேணும், கொண்டு போகத் தூக்குவாளி வேணும். மூணும் மூணு வீட்டுல இருக்கு. விறுவிறுன்னு கிளம்பிட்டா.

மொதல்ல அடுத்த வீட்டு வடிவு மதினிகிட்ட போனா. "மதினி, என் அண்டா?" அண்டா நிறைய மதினி எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊறுது. மதினி சொன்னா, "தர்றதுக்கென்னடி. வாங்குன பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாமா? முறுக்கு சுட்டுப் போட்டுத் தரணும்னு இருக்கேன். தீபாவளி வரட்டும்." தீபாவளிக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு. இவ "சரி மதினி"ன்னுட்டு வந்துட்டா.

அப்புறம் மேலத்தெரு உலகம்மா சித்தி. "சித்தி, என் தூக்குவாளி?" "ஐயோ பேச்சி, இன்னிக்கு வெள்ளிக்கிழமையில்ல? வீட்டுல இருந்து ஒரு சாமானும் வெளிய குடுக்க மாட்டோம். நாளைக்கு சாவகாசமா வா." "விடியவே கிளம்பணும் சித்தி." "அப்போ ஞாயித்துக்கிழமை வா." இவ அதுக்கும் தலையாட்டிட்டு வந்துட்டா.

அப்புறம் சண்முகத்தாய் அத்தை. அந்தக் குழவியை அத்தை கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கா. "அத்தை, என் குழவி?" "அதை எப்படிடி தர்றது? பேரன் பொறந்தா, பிள்ளையைத் தொட்டில்ல போடுறதுக்கு முன்னால குழவியைப் போட்டுத்தானே ஆட்டணும்?" "எப்போ அத்தை பேரன் பொறக்கப் போறான்?" "மொதல்ல மகனுக்குப் பொண்ணு அமையட்டும்."

சிரிக்காத. அவ பாவம் அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தா. ம் எங்க? ம்.

அழுதா, அழுதா, மூக்கைச் சிந்தினா, அப்புறம் டக்குன்னு நிறுத்திட்டா. யோசிச்சுப் பார்த்தா. மூணு பேரும் மாட்டேன்னுதானே சொன்னாங்க? வாயில தேன் ஒழுகச் சொன்னாங்க, ஆனா குடுக்கலையே. அந்த வீட்டு லட்சுமியெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டா போயிட்டா? எருமை குடம் குடமா கறக்குது, சித்தி வீட்டுல விளக்கு ஜெகஜோதியா எரியுது. அட, என் வீட்டு லட்சுமிக்கு மட்டும் என்ன அவ்வளவு ரோஷம்?

அப்போ வாசல்ல சரக் சரக்னு செருப்புச் சத்தம். பேச்சியம்மாவோட மாட்டு வண்டி தங்கச்சி ஊருக்குப் போகுதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அந்த ஊர்ல சந்தை. வடிவு மதினி வந்து நிக்கிறா. "பேச்சி, வண்டியில எனக்கும் ரெண்டு மூட்டைக்கும் இடம் போடு."

பேச்சியம்மா பதவிசா சொன்னா, "உங்களுக்கு இல்லாத இடமா மதினி? ஆனா உங்களை வெறும் பலகையில உக்கார வைக்கலாமா? மெத்தை தச்சுப் போட்டுத்தான் ஏத்தணும். பருத்தி வெடிக்கட்டும்."

மதினி அங்க நிக்கும்போதே உலகம்மா சித்தி ஒரு ஆட்டோட வந்துட்டா. ம்மே. "பேச்சி, நானும் இந்த ஆடும் வர்றோம்." "சித்தி, இன்னிக்கு வெள்ளிக்கிழமையில்ல? இந்த வீட்டுல இருந்து ஒரு பதிலும் வெளிய போகாது. நாளைக்கு வாங்க, சொல்றேன்." "நாளைக்கு விடியறதுக்குள்ள வண்டி போயிடுமேடி?" "ஆமா சித்தி, போயிடும்."

அப்புறம் லொங்கு லொங்குன்னு சண்முகத்தாய் அத்தை, இடுப்புல ஒரு பூசணிக்காயோட. "எனக்கு ஓரமா ஒரு இடம் போதும்டி." "அய்யோ அத்தை, அந்த ஓரத்துலதானே என் மருமக உக்காரணும்." "உனக்கு மகனே பொறக்கலையேடி?" "பொறக்கட்டும் அத்தை, என்ன அவசரம்?"

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஆடு மட்டும் ம்மேன்னுச்சு. அப்போதான் பேச்சியம்மா கையைக் கூப்பி, நேராச் சொன்னா. "கோவிச்சுக்காதீங்க. வண்டியில என் தங்கச்சிக்குச் சோறு போகணும், இந்தத் தடவை யாருக்கும் இடம் தர முடியாது. என் சாமானும் எனக்கு இப்பவே வேணும். அவளுக்கு அம்மா இல்லை, நான்தான் இருக்கேன்."

மொதல்ல சிரிச்சது அத்தைதான். பூசணிக்காய் தொம்முனு கீழ விழுற அளவுக்குச் சிரிச்சா. "என் பேரனை வச்சே என்னை மடக்கிட்டாளே"ன்னா. மதினிக்கு வெக்கமாப் போச்சு. பொழுது சாயறதுக்குள்ள அண்டா பளபளன்னு தேச்சு வந்துச்சு, உள்ள ஒரு பிடி அரிசியும் இருந்துச்சு. சித்தி வெள்ளிக்கிழமையை மறந்துட்டு வாளியைக் கொண்டாந்தா. அத்தை குழவியைத் தூக்கிட்டு வந்தா, அவ வீட்டுக் கதவு அன்னிக்குப் பூராவும் படார் படார்னு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. லட்சுமி எங்கயும் போகலை, அங்கயேதான் இருந்தா.

மறுநா காலையில கட்டுச்சோறு போச்சு. பூரணம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா, அக்காவைக் கண்டதும் அழுதுட்டா. அப்புறம் அழுதுக்கிட்டே ரெண்டு தடவை புளிச்சோறு வாங்கித் தின்னா. தின்னு முடிச்சு அக்காவோட கையைப் பிடிச்சு, "அக்கா, அந்த அண்டாவை இங்கயே எனக்கு விட்டுட்டுப் போயேன்"னா.

பேச்சியம்மா என்ன சொன்னா தெரியுமா? தங்கச்சி கன்னத்தை ஆசையா வழிச்சு நெட்டி முறிச்சு, வாய் நிறைய, "மாட்டேன்டி தங்கம்"னா. தங்கச்சியும் சிரிச்சுட்டா.

அவ்வளவுதான். பேச்சியம்மா அவ வீட்டுக்குப் போயிட்டா, நீயும் உன் தூக்கத்துக்குப் போ. என்னது, இன்னொரு கதையா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ரெண்டாவது கதையை வெளிய குடுக்க மாட்டோம். நாளைக்கு சாவகாசமா வா.