இடுக்கை அடைத்த நாரை

ஏரிக்கு நடுவே நின்ற கடப்ப மரத்தில் மருதாயி என்ற நத்தைகுத்தி நாரை கூடு கட்டியிருந்தாள். கூட்டில் மூன்று முட்டைகள். அவளும் கணவன் சடையனும் மாறி மாறி அடைகாத்தார்கள்.

நத்தைகுத்தி நாரை வாயை மூடினாலும் அலகுக்கு நடுவில் ஓர் இடுக்கு தெரியும், பாக்குவெட்டியில் தெரிவதுபோல. அந்த இடுக்கில் நத்தையைக் கவ்விப் பிடித்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவித் தின்னும். மருதாயியும் அப்படித்தான் தின்று வளர்ந்தாள். அதைப் பற்றி ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை.

அந்த ஆண்டு பக்கத்துக் கிளைக்குப் பவளம் என்ற கொக்கு குடிவந்தாள். முதுகில் சல்லாத்துணி போல மெல்லிய இறகுகள். வந்ததும் மருதாயியை உற்றுப் பார்த்தாள்.

“ஏன் அக்கா, நீங்க வாயை மூடவே மாட்டீங்களா?”

“மூடித்தானே இருக்கேன்!”

“ஐயையோ! மூடினதே இப்படியா? அந்தப் பக்கத்து வானம் தெரியுதே!”

மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் சிரித்தன.

அன்று ஏரியில் இறங்கிய மருதாயி இரை தேடவில்லை. கலங்காத தண்ணீராகப் பார்த்து நின்று, தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலகை அழுத்தி அழுத்தி மூடினாள். இடுக்கு அப்படியே இருந்தது.

“இதை அடைச்சுட்டா என்ன?” என்று சடையனிடம் கேட்டாள்.

“புத்தி கெட்டுப்போச்சா? அப்புறம் நத்தையை எதால பிடிப்பே?”

“உங்களுக்கென்ன! உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கலை. சரி, நீங்க என் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாச்சு?”

சடையன் சிறகை விரித்தான். இரை தேடப் போய்விட்டான்.

கரையில் பட்டுப்போன பனையில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி வைத்தியம் பார்த்துவந்தார். வரும் பறவைகளுக்கு வாலை நீட்டுவார், கொண்டையைத் தூக்குவார், நிறத்தை மாற்றுவார். ஒரு நாள் சடையனிடம் கூட்டை விட்டுவிட்டு மருதாயி அவரிடம் போனாள்.

“பூ! இவ்வளவுதானா?” என்றார் செங்கொண்டை. “அடைச்சுப் பூசிட்டா, கோடு கிழிச்ச மாதிரி ஆயிடும்!”

“வலிக்குமா ஐயா?”

“வலிச்சாத்தான் என்ன? நாளைக்கு உன்னை உனக்கே அடையாளம் தெரியாது!”

அலகின் ஓரங்களைச் செதுக்கினார். வேலம்பிசினையும் குளவிக்கூட்டு மண்ணையும் குழைத்து இடுக்கில் அப்பினார். வலியில் மருதாயிக்குக் கண் இருட்டியது. ஆனாலும் அசையவில்லை. அவள் என்ன தின்று பிழைக்கிறாள் என்று செங்கொண்டை கேட்கவே இல்லை.

திரும்பி வந்தபோது மரமே வேடிக்கை பார்த்தது.

“அடேயப்பா! நீங்களா அக்கா?” என்றாள் பவளம்.

சடையனும் ஒரு கணம் அவளையே பார்த்தான். அந்த ஒரு கணத்துக்காக எதையும் தாங்கலாம் என்று மருதாயிக்குத் தோன்றியது.

முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்து, “பசி! பசி!” என்று கத்தின.

மருதாயி ஏரியில் இறங்கினாள். காலடியிலேயே கொழுத்த நத்தை. கவ்வினாள், வழுக்கி விழுந்தது. மறுபடி கவ்வினாள், உருண்டு ஓடியது. பொழுது சாயும்வரை போராடினாள். கிடைத்ததெல்லாம் சேற்றுப் புழுக்கள்தான். அவை அவள் வயிற்றுக்கே போதவில்லை.

சடையன் ஒருவனே ஐந்து வயிற்றுக்கும் அலைந்தான். மார்பெலும்பு துருத்திக்கொண்டது. அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மருதாயி அழுதாவது தீர்த்திருப்பாள்.

ஒரு காலையில் கடைக்குட்டி தலையைத் தூக்கவில்லை. சடையன் அதை அலகால் மெல்ல எடுத்துத் தண்ணீரில் விட்டான்.

மருதாயி பனைமரத்துக்குப் பறந்தாள்.

“ஐயா, இதை எடுத்துடுங்க! என் பிள்ளைங்க சாகுது!”

செங்கொண்டை அலகைத் தட்டிப் பார்த்தார். “பிசின் கல்லாயிடுச்சே. உடைச்சா அலகும் சேர்ந்து உடையும். அது கிடக்கட்டும், கவலைப்பட்டுக் கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழுந்திருக்கே. அதை வேணா எடுத்துடலாமா?”

மருதாயி திரும்பினாள். பனையடியில் பவளம் காத்திருந்தாள்.

“நீ எதுக்குடி வந்தே?”

“என் கழுத்து கோணலா இருக்காம். நிமிர்த்திக்கப் போறேன்!”

“வேண்டாம்டி! கழுத்தைச் சுருக்கி நீட்டித்தானே நீ மீன் பிடிக்கிறே? என்னைப் பாரு! ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கிறேன்!”

பவளம் அவள் அலகைப் பார்த்தாள். எவ்வளவு நேர்த்தியான அலகு!

“உங்களுக்கு ஆயிடுச்சு. இனி வேற யாரும் அழகா இருக்கக் கூடாது. அதானே அக்கா?”

“அடுத்தது யாரு?” என்று கூப்பிட்டார் செங்கொண்டை. பவளம் முந்திக்கொண்டு ஓடினாள்.

மருதாயி கூட்டுக்குத் திரும்பினாள். மிஞ்சிய இரண்டு குஞ்சுகளும் கழுத்தை நீட்டி, சடையன் வரும் திசையையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. அவள் வந்து பக்கத்தில் அமர்ந்தும், அவற்றில் ஒன்றுகூட அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

பிறர் கண்ணுக்கு அழகாக வேண்டுமென்று தம் உடலை வெறுப்பவர், தம்மோடு தம்மை நம்பி இருப்பவர்களையும் பட்டினி போடுவார்.