கேட்காமல் கொடுக்க வேண்டிய நெருப்பு

பக்கத்தில் வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு ஓர் அரசன் இருந்த காலம் அது. நெடுந்துறை என்ற ஆற்றங்கரை ஊரை வேட்டரையன் என்பவன் ஆண்டுவந்தான். நல்ல மனிதன். அவன் நாட்டில் யாரும் யாரையும் அடித்து விரட்ட முடியாது. போக விரும்புகிறவர் போகலாம். விரட்டுகிறவர் கை வெட்டப்படும். இதுதான் அவன் சட்டம்.

அந்த ஊரில் இரண்டு கூட்டத்தார் வாழ்ந்தார்கள். ஆற்றை வணங்கியவர்கள் ஆற்று நெறியார். விளக்கை வணங்கியவர்கள் விளக்கு நெறியார். ஆற்று நெறியார் ஊரெல்லாம் இருந்தார்கள். விளக்கு நெறியாருக்கு இருந்தது ஒரே ஒரு தெரு.

இரண்டு கூட்டத்தாரும் ஒரே சந்தையில் உப்பு வாங்கினார்கள். ஒரே துறையில் குளித்தார்கள். ஒரே வெயிலில் நெல் காயவைத்தார்கள். ஆனால் அவர்கள் பாட்டை இவர்கள் கேட்டதில்லை. இவர்கள் பாட்டை அவர்கள் கேட்டதில்லை. பிறர் பாட்டு காதில் விழுந்தால் தீட்டு என்று இரு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சண்டை வந்ததில்லை. பழக்கமும் வந்ததில்லை.

விளக்குத் தெரு படகுத்துறையை ஒட்டிய மேட்டில் இருந்தது. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அங்கே ஏறாது. சந்தைக்கு வரும் வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஆற்று நெறியாரின் தலைவர் கீரந்தையாருக்கு அந்தத் தெருவின் மேல் நெடுநாளாக ஒரு கண்.

ஒருநாள் அவர் தம் கூட்டத்துப் படித்தவர்களைக் கூப்பிட்டார்.

“அவர்களை நாம் விரட்ட முடியாது. அரசன் கையை எடுத்துவிடுவான். அவர்களாகவே போக வேண்டும். அப்படிப் போகச் சொல்லும் வார்த்தை அவர்கள் பாட்டிலேயே எங்காவது இருக்கும். யாராவது போய்க் கற்று வாருங்கள்.”

“பிறர் நெறியைக் கற்கலாமா, ஐயா? காது தீட்டுப்படாதா?” என்று ஒருவர் கேட்டார்.

“நம்புவதுதான் பாவம். கற்பதில் என்ன பாவம்? பிறர் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவைத்துக்கொள்வதுபோல அது” என்றார் கீரந்தையார்.

முதலில் கொற்றன் என்பவன் போனான். விளக்கு நெறியார் ஒரு வரி பாடினால் அவன் வாய்க்குள் சிரித்தான். இரண்டு வரி பாடினால் கொட்டாவி விட்டான். கொஞ்ச நாளில் திரும்பி வந்து, “அங்கே கற்க ஒன்றுமில்லை, ஐயா. எல்லாம் உளறல்” என்றான். அவன் எதுவும் கற்கவில்லை.

அடுத்து சேந்தன் என்பவன் போனான். அவர்கள் பாட்டைக் கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கியது. பயந்துபோனான். “இன்னும் கொஞ்சம் இருந்தால் எனக்குப் பிடித்துவிடும், ஐயா” என்று சொல்லி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். அவனும் எதுவும் கற்கவில்லை.

மூன்றாவதாகப் போனவள் நக்கை.

நக்கை படகோட்டியின் மகள். ஒருமுறை கேட்டதை மறக்காத தலை அவளுக்கு. ஆற்றுப் பாட்டு முழுவதையும் சிறு வயதிலேயே கற்றவள். ஆனால் படகோட்டி மகள் என்பதால் ஆற்று விழாவில் கடைசி வரிசையில்தான் நின்று பாடுவாள். கீரந்தையார் அவளிடம், “இதை முடித்து வா. முதல் பாட்டு இனி உன்னுடையது” என்றார்.

விளக்குத் தெருவின் நடுவில் கூரை வேய்ந்த ஒரு வட்டக் கூடம் இருந்தது. அதற்குள் கல் அகலில் ஒரு விளக்கு எரியும். அதை இலுப்பெண்ணெய் ஊற்றிக் காத்துவந்தவள் வேண்மாள். நடுவயதுக்காரி. நக்கை வாசலில் வந்து நின்று, “உங்கள் பாட்டைக் கற்க வேண்டும், அக்கா” என்றபோது வேண்மாள் கையிலிருந்த எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

“எங்களிடம் யாரும் இப்படி வந்து கேட்டதில்லை, அம்மா. வந்தவர் ஒருவர் சிரித்தார், ஒருவர் ஓடினார். நீ உட்கார். முதலில் சாப்பிடு” என்றாள்.

நக்கை உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். கற்றாள். சிரிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். வேண்மாள் எதையும் மறைக்காமல் சொன்னாள். நக்கைக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தன் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்த கையோடு அவளுக்கும் தேய்த்துவிட்டாள்.

மழை ஓய்ந்து, பனி வந்து போய், மறுபடி மேகம் திரண்ட காலத்தில் பாட்டு அதன் கடைசிப் பகுதிக்கு வந்தது. அதை வேண்மாள் தாழ்ந்த குரலில் பாடினாள்.

“விளக்கு அணைந்த ஊரில் அன்று பொழுது சாய்ந்த பிறகு நாம் இருக்கக் கூடாது. வீடு வயலை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.”

நக்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேடி வந்த வார்த்தை கிடைத்துவிட்டது.

“அவ்வளவுதானா, அக்கா? வேறு வழியே இல்லையா?”

“இருக்கிறது. எங்கள் நெறியைச் சேராத ஒருவர், பொழுது சாயும் முன் தம் அடுப்பு நெருப்பை மனமுவந்து கொண்டுவந்து கொடுத்தால், அதைக்கொண்டு விளக்கை ஏற்றலாம். ஊரில் தங்கலாம். ஆனால் விளக்கு அணைந்த பிறகு நாங்கள் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. குறிப்புக் காட்டவும் கூடாது. அவர்களாகவே கொடுக்க வேண்டும்.”

“அவர்களுக்குத் தெரியாமல் போனால்?”

“இத்தனை காலம் அந்தப் பயம் எங்களுக்கு இருந்தது” என்று வேண்மாள் சிரித்தாள். “இப்போது உனக்குத் தெரியுமே.”

அன்று மாலையே நக்கை கீரந்தையாரிடம் போனாள். முதல் பாதியைச் சொன்னாள். கீரந்தையார் முகம் மலர்ந்தது. அவள் தயங்கித் தயங்கி இரண்டாம் பாதியையும் சொன்னாள். அவர் நெடுநேரம் தாடியை நீவிக்கொண்டிருந்தார்.

“இது நம் ஆட்களில் வேறு யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது, ஐயா.”

“தெரிய வேண்டாம். நம் ஆட்களில் இளகிய மனசுக்காரர்கள் நிறைய. ஒரு கிழவியாவது கொள்ளியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். நீ வாயைத் திறக்காதே. உன்னிடம் வேறெதுவும் நான் கேட்கவில்லை.”

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் விளக்கு நெறியார் நாற்று நடப் போயிருந்தார்கள். கீரந்தையாரின் ஆட்கள் வட்டக் கூடத்தின் பின்பக்கமாக ஏறி, விளக்குக்கு நேர் மேலே இருந்த கூரையைக் கொஞ்சம் பிரித்துவிட்டுப் போனார்கள். உச்சிப் பொழுதில் மழை இறங்கியது. வேண்மாள் ஓடி வந்து முந்தானையை விரித்துப் பிடிப்பதற்குள் அகலில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

விளக்கு அணைந்தது.

விளக்குத் தெருவில் யாரும் கத்தவில்லை. வயலிலிருந்து வந்தார்கள். கைகால் கழுவினார்கள். மூட்டை கட்டத் தொடங்கினார்கள். கறவை மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நோயாளிகளைத் தூக்கிக்கொள்ளக் கட்டில்களைத் திருப்பிப் போட்டார்கள்.

செய்தி கேட்டு அரசனே வந்தான். மழையில் நனைந்துகொண்டு தெரு முனையில் நின்றான்.

“உங்களை யாராவது விரட்டினார்களா?”

“இல்லை, அரசே. எங்கள் நெறி போகச் சொல்கிறது” என்றாள் வேண்மாள்.

“கூரை எப்படிப் பிரிந்தது?”

“காற்று, அரசே” என்றார் கூட்டத்தில் நின்ற கீரந்தையார்.

அரசனுக்கு மனசு கேட்கவில்லை. “இதற்கு மாற்று ஏதும் இல்லையா? பொன் வேண்டுமா? கல்லால் கூடம் கட்டித் தரட்டுமா? என்னால் ஆவது எதுவானாலும் சொல்லுங்கள்.”

விளக்கு நெறியார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவன் அரண்மனையில் எத்தனையோ அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு கொள்ளி போதும். கேட்க அவர்களுக்கு வாய் இல்லை.

அப்போது யாரோ சொன்னார்கள்: “அரசே, அவர்கள் பாட்டைக் கற்றவள் எங்களில் ஒருத்தி இருக்கிறாள்.”

நக்கையை முன்னால் தள்ளினார்கள். அரசன் கேட்டான்.

“பெண்ணே, நீ முழுதும் கற்றாயா?”

“கற்றேன், அரசே.”

“இவர்கள் இங்கேயே தங்க ஏதாவது வழி அதில் சொல்லியிருக்கிறதா?”

நக்கை கீரந்தையாரைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரிந்து இல்லை, அரசே.”

“நன்றாக யோசித்துச் சொல்.”

“இல்லை, அரசே.”

வேண்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். குறிப்பாகிவிடுமோ என்று உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நக்கை வாயைத் திறக்க இன்னொரு முறை அங்கே இடம் இருந்தது. அவள் திறக்கவில்லை.

அரசன் திரும்பிப் போனான். அவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

ஆற்று நெறியாரில் பலர் அழுதார்கள். பொய்யாக அழவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் அவலும் வெல்லமும் கட்டிக் கொடுத்தார்கள். ஒருத்தி பச்சைக் குழந்தைக்குப் போர்வை கொடுத்தாள். ஒருவன் தன் வண்டியையே கொடுத்தான். அவர்கள் வீட்டிலெல்லாம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொடுத்தார்கள், நெருப்பைத் தவிர. தெரியாதவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நக்கை வீட்டுக்கு வந்தாள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு நினைவுக்கு வந்தது. கடைசி வரிசை நினைவுக்கு வந்தது. பிறகு காய்ச்சலில் குடித்த கஞ்சி நினைவுக்கு வந்தது.

சட்டென்று ஒரு சட்டியில் தணலை அள்ளி, மழை படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

ஊர் எல்லையில் அவர்களைப் பிடித்துவிட்டாள். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே வெளிச்சம்கூட மிச்சமில்லை.

வேண்மாள் சட்டியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

“மறந்துபோய்த்தான் இல்லை என்று சொன்னாய் என்று நினைத்திருந்தேன்” என்றாள்.

“மறக்கவில்லை, அக்கா.”

“அப்படியென்றால் சரியாகத்தான் கற்றிருக்கிறாய்.”

வேண்மாள் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. தன் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நக்கையின் கை சுடும்வரை சட்டி அவள் கையிலேயே இருந்தது. பிறகு கீழே வைத்தாள். மழை அதையும் அணைத்தது.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

விளக்குத் தெரு ஆற்று நெறியாருக்குக் கிடைத்தது. முதல் பாட்டு நக்கைக்குக் கிடைத்தது. அவள் நன்றாகவே பாடினாள். ஊர் மெச்சியது. மதிப்போடு வாழ்ந்து முதுமை அடைந்தாள். ஆனால் வெளியூரிலிருந்து யாராவது வந்து, “உங்கள் ஆற்றுப் பாட்டைக் கற்க ஆசை” என்று சொன்னால், “சொல்லிக்கொடுக்காதீர்கள்” என்று முதலில் தடுப்பவள் அவள்தான். ஏன் என்று கேட்டால், “நானும் ஒருகாலத்தில் அப்படிப் போய்க் கற்றவள்” என்பாள். வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முகத்தில் அவளுக்குத் தன் முகமே தெரிந்தது.

விளக்கு நெறியார் மலையைத் தாண்டி ஓர் ஊரில் குடியேறினார்கள். புது ஊரில் தாமே விளக்கு ஏற்ற நெறியில் தடை இல்லை என்பதால் புது விளக்கு ஏற்றினார்கள். இனி வெளியார் காதில் நம் பாட்டு ஒரு வரிகூட விழக் கூடாது என்று வேண்மாள் கட்டளையிட்டாள். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். அவர்களில் ஓர் இளைஞன் உண்மையான ஆசையோடு கூடத்து வாசலில் வந்து நின்றான். வேண்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில ஆண்டுகளில் ஒரு புயலில் அந்த விளக்கும் அணைந்தது. இந்த முறை யாரும் கூரையைப் பிரிக்கவில்லை. ஊரே திரண்டு வந்து, “ஏன் போகிறீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கெஞ்சியது. சொல்ல இவர்களுக்கு வாய் இல்லை. தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இருக்கவில்லை. அன்று மாலை மறுபடி மூட்டையைத் தூக்கினார்கள். அடுத்த ஊரிலும் அப்படித்தான் ஆயிற்று. அதற்கடுத்த ஊரிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு அவர்களைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

பிறர் நெறியைக் கல்லாதவர் அவர்களுக்கு உதவ முடியாமல் போகிறார். அவர்களைக் கவிழ்ப்பதற்காகக் கற்றவரோ, இனி எவரும் கற்க முடியாதபடி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுப் போகிறார்.