கழுவிய வட்டில்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன், ஒரு வட்டிலைக் கழுவக் கூடாது என்று ஆணையிட்டான்.

அது இறந்துபோன ராணியின் வட்டில். அன்று மதியம் அதில்தான் உண்டாள். கை கழுவி எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் கை அளைந்த சோறு கொஞ்சம் வட்டிலில் மிச்சமிருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றான் அரசன். உள்ளே போய் அதைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஆணையை முரசறைந்து சொன்னார்கள். காவலருக்குச் சொன்னார்கள். தோழியருக்கும் சமையற்காரருக்கும் சொன்னார்கள். கொல்லைக் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும் சடைச்சிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் உண்ணும் அறைக்கு வந்தவள் வட்டிலைப் பார்த்தாள். எறும்பு மொய்த்திருந்தது. எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தாள். அங்கே வைத்துத்தான் அவளைப் பிடித்தார்கள்.

சபையில் அரசன் கேட்டான்: "வட்டில் என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு?"

"தெரியும் மகாராசா. சோறு போட்டுத் திங்கிறது. தின்னா தேய்க்கிறது. தேய்ச்சாக் கவுத்து வைக்கிறது. பன்னெண்டு வருசமா எனக்கு அதுதான் வேலை."

யாரோ சிரித்துவிட்டார்கள். அரசன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பிரதானி காளத்தியப்பன் எழுந்தார். "அரசே, வட்டில் என்பது உண்கலம் என்று நூல்கள் கூறும். உண்டவரின் மிச்சம் உள்ளவரைதான் அது அவருடைய கலம். மிச்சம் போனால் வெறும் வெள்ளித் தகடு. இவள் நம் ராணியாரை இரண்டாம் முறை கொன்றிருக்கிறாள்."

அந்தச் சொல் அரசனைப் பிடித்துக்கொண்டது. "நாளை இவளை யானைக் காலில் இடுங்கள்" என்றான்.

விகடன் அம்பலத்தாடி தூணோரம் நின்றிருந்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். ராணி போன நாளிலிருந்து அவனை யாரும் வாய் திறக்கச் சொல்லவில்லை. இப்போது கேட்காமலே திறந்தான்.

"அரசே, மிச்சம் போனதுதானே குற்றம்? அது திரும்பி வந்தால் குற்றம் இல்லையே?"

பிரதானி வெகுநாள் காத்திருந்தவர். இந்தச் சபையில் விகடனின் கேலிக்கு அதிகம் ஆளானவர் அவர்தான். "ஓய் விகடரே, கிணற்றடியில் சிந்திய பருக்கையைக் காக்கையிடம் கேட்டு வாங்கி வரப் போகிறீரோ?" என்றவர், அரசன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "சொன்னவரே பிணை நிற்கட்டும், அரசே. ஒரு பருக்கை மாறினாலும் அவளோடு இவரும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன். "அவள் வைத்துப்போனது வைத்துப்போனபடி வர வேண்டும்."

அம்பலத்தாடி சிறைக்குப் போனான்.

"அக்கா, வட்டில்ல என்ன கெடந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"சாகப் போறவகிட்டக் கேக்குற கேள்வியாய்யா இது?"

"நானும் கூடத்தான் வர்றேன். சொல்லு."

சடைச்சி சுவரைப் பார்த்தபடி, "எப்பவும் போலத்தான்" என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடித்ததும் அவன் மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் யானை முற்றத்தில் நின்றது. சடைச்சியைக் கைகட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்பலத்தாடி துணி மூடிய வட்டிலை அரசன் முன் வைத்தான். அரசனே துணியை எடுத்தான்.

வலது ஓரத்தில் ரசத்தில் ஊறிய ஒரு பிடிச் சோறு. அதில் மூன்று விரல் அளைந்த தடம். அருகே இரண்டு கறிவேப்பிலை. இடது ஓரத்தில் ஒதுக்கிக் குவித்த பாகற்காய்த் துண்டுகள். ஒன்றுகூடக் கடிபடவில்லை.

"இது இன்று வடித்த சோறு" என்றான் அரசன்.

"ஆம், அரசே. தாங்கள் கேட்டது வைத்துப்போனபடி. ஒரு பருக்கை மாறினாலும் எங்கள் இருவர் உயிர் போக வேண்டும். எந்தப் பருக்கை மாறியிருக்கிறது? கண்டவர் யாரேனும் காட்டட்டும்."

"பொய், அரசே!" என்றார் பிரதானி. "ராணியார் பாகற்காயை ஒதுக்குவதாவது! தினமும் அதைச் சமைக்கச் சொன்னதே அவர்தான்."

"பிரதானியாரே, ராணியார் உண்டபோது நீர் எங்கே நின்று பார்த்தீர்?"

ராணி உண்ணும் அறைக்குள் அரசனைத் தவிர வேறு ஆண் கால் வைக்கக் கூடாது. அரசன் மெல்லத் திரும்பிப் பிரதானியைப் பார்த்தான்.

"நான்... பார்த்ததில்லை."

"கொஞ்சம் உரக்கச் சொல்லும் ஓய். பாகனுக்குக் கேட்க வேண்டாமா?"

"பார்த்ததில்லை, அரசே! ஒருநாளும் பார்த்ததில்லை!" பிரதானி நாலு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்படியானால் தாங்கள்தான் காட்ட வேண்டும், அரசே" என்றான் அம்பலத்தாடி.

அரசன் வட்டிலையே பார்த்தான். கணவன் உண்டு எழுந்த பிறகே மனைவி உட்காருவாள். அந்த வீட்டு வழக்கம் அது. பன்னிரண்டு வருடம் அவன் உண்டான், அவள் நின்று பரிமாறினாள். அவன் கை கழுவிக்கொண்டு சபைக்கு வந்துவிடுவான். தோழியரையும் அனுப்பிவிட்டு அவள் தனியே உண்பாள். அதன் பிறகு அவள் என்ன போட்டுக்கொண்டாள், எதை ஒதுக்கினாள், அவனுக்குத் தெரியாது.

"தெரியவில்லை" என்றான்.

"தெரிந்தவள் இந்த அரண்மனையில் ஒருத்திதான், அரசே. அவளுக்காகத்தான் யானை நிற்கிறது."

அரசன் சடைச்சியைக் கேட்டான். "பாகற்காயை... தினமும் ஒதுக்குவாளா?"

"தெனமுந்தான் மகாராசா. அவுகளுக்கு அது ஆகாது. நீங்க ரெண்டு தரம் கேட்டு வாங்கித் திம்பீங்கன்னு செய்யச் சொல்லுவாக. தனக்கும் போட்டுக்குவாக."

"ஆகாததை எதற்குப் போட்டுக்கொண்டாள்?"

"நானும் கேட்டேன். அரசர் எதையாச்சும் மறந்துட்டுத் திரும்பி வந்தா, எனக்கு மட்டும் தனியா சமைச்சாங்களான்னு சங்கடப்படுவாருடின்னாக." சடைச்சி தலை குனிந்தாள். "நீங்க ஒருநாளும் திரும்பி வரல."

அரசன் சிரித்தான். ராணி போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நாமும் சிரிக்க வேண்டுமோ என்று சிலர் உடன் சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவன் மட்டும் வெகுநேரம் சிரித்தான்.

பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டான். சடைச்சியின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். யானையைத் திருப்பி ஓட்டிப் போனார்கள்.

அரசன் சிரித்தாயிற்று, விகடன் பரிசும் பெற்றாயிற்று. ஆனால் சபை கலையவில்லை. அரசன் படியிறங்கி வந்து சடைச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"வேறென்ன ஒதுக்குவாள்?" என்று கேட்டான்.

சடைச்சி நின்றபடி யோசித்தாள். கத்தரிக்காய்க் காம்பு என்றாள். மிளகு என்றாள். மாங்காய்க் காலத்தில் கொட்டையைச் சப்பி வெள்ளையாக்கி வைப்பாள் என்றாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து போனார்கள்.

"நீயும் உட்கார்" என்றான் அரசன்.