நாலாவது விமானம்

குரு என்றால் வெள்ளைத் தாடியும் ஆசிரமமும் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையைத் தாண்டிப் போய்விடலாம். இந்தக் குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் கோகிலவாணி. தாராபுரத்துப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊருக்கு வெளியே காய்ந்து கிடக்கும் குளத்துக்குள் இறங்கிவிடுவார். ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானங்களை வைத்து வானத்தில் வித்தை காட்டுவார்.

சீடருக்கு ஐம்பத்தேழு வயது. பல் டாக்டர் சென்னியப்பன். ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப்பல் அவர் கையால் போனதுதான். வலித்தது என்று ஒருவரும் சொன்னதில்லை, அத்தனை நிதானமான கை.

அந்தக் கைதான் விமானத்தில் காலை வாரியது.

நேராக ஓட்ட அவருக்கு வந்தது. வட்டம் போட வந்தது. குட்டிக்கரணம்கூட வந்துவிட்டது. தலைகீழ் ஓட்டம் மட்டும் வரவில்லை. விமானத்தை மல்லாக்கத் திருப்பி, வயிறு வானத்தைப் பார்க்க, ஆள் உயரத்தில் குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டு போக வேண்டும். வாணி அதைச் செய்ததை முதன்முதலில் பார்த்த அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப் போவதற்குள் இதை ஒரு தடவை செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரிமோட்டின் குச்சியை நம் பக்கம் இழுத்தால் விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறும். முன்னால் தள்ளினால் இறங்கும். மல்லாந்துவிட்டால் அத்தனையும் மாறிவிடும். இழுத்தால் தரைக்குப் போகும், தள்ளினால்தான் ஏறும். சின்னப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். டாக்டருக்கும் புரிந்தது. ஆனால் தரை நெருங்கினால் கை இழுத்துவிடும்.

முதல் விமானம் அப்படிப் போனது. காற்று சரியில்லை என்றார். இரண்டாவதும் அப்படியே போனது. ரிமோட்டில் ஏதோ கோளாறு என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். மூன்றாவது போன அன்று அவர் எதையும் குறை சொல்லவில்லை.

அந்தக் குளத்தில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். யாருடைய விமானம் விழுந்தாலும் மற்றவர்கள் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பொறுக்குவதற்குக் கூடவே நடப்பார்கள். சொந்தக்காரர் வாய் திறக்கும்வரை ஒருவரும் பேசக் கூடாது. அன்று செல்போன் கடை ரியாஸ் வந்த இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான்.

கடைசியில் டாக்டர் பேசினார். "இன்னும் ஒண்ணு கட்டறேன். அது நாலாவது. அதுவும் உடைஞ்சுதுன்னா ரிமோட்டைத் தொட மாட்டேன். இது சத்தியம்."

"விடுங்க டாக்டர், ஒரு பேச்சுக்குச் சொல்றீங்க" என்றான் ரியாஸ்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். முப்பது வயதில் வெற்றிலையை விட்டேன் என்றவர், மகள் கல்யாணத்தில் சம்பந்தி தட்டை நீட்டியபோதும் தொடவில்லை. ஊருக்கே அது தெரியும். வாணிக்கும் தெரியும்.

நாலாவதை டாக்டர் பார்த்துப் பார்த்துக் கட்டினார். லேசான பால்சா மரத்தை அறுத்து, இழைத்து, ஒட்டி, மேலே மஞ்சள் தாள் போர்த்தினார். வயிற்றுக்கு மட்டும் சிவப்பு. தூரத்தில் போகும்போது நேராக இருக்கிறதா மல்லாந்திருக்கிறதா என்று அந்த நிறத்தை வைத்துத்தான் தெரியும். பல்லுக்குச் சிமெண்ட் வைக்கிற கை வைத்த ஒட்டு, எங்கே ஒட்டியது என்றே தெரியவில்லை.

அதை ஒரு வேட்டியில் சுற்றி வாராவாரம் குளத்துக்குக் கொண்டு வருவார். பிரித்துப் பார்ப்பார். மறுபடி சுற்றி வீட்டுக்குக் கொண்டு போவார். ஓட்டுவதற்குக் குளத்துக்காரர்கள் பொதுவில் வைத்திருந்த பழைய தெர்மாகோல் விமானம். அதையும் உயரத்தில் நேராக ஓட்டியதோடு சரி. வாணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மார்கழி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க டாக்டர்."

"புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது. பயந்தா இழுக்குது. இதை எப்படி நிறுத்தறது?"

வாணி தன் விமானத்துக்குப் பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க நாற்காலியில உக்கார்றவங்க ஊசியைப் பார்த்தா என்ன பண்ணுவாங்க?"

"தலையைப் பின்னால இழுத்துக்குவாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"இழுக்காதீங்கன்னு சொல்லுவேன்."

"கேப்பாங்களா?"

டாக்டர் யோசித்தார். "முப்பது வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லைங்க."

"நான் சொன்னா உங்க கை மட்டும் கேட்டுருமா?"

வாணி எழுந்து போய்த் தன் கார் டிக்கியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்தார். ஒரு முழக் குச்சி. அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் விமானம். கடையில் விற்கிற பொம்மைகூட இதைவிடப் பார்க்க லட்சணமாக இருக்கும்.

"இதை மல்லாக்கப் பிடிச்சுட்டு ஓடுங்க" என்றார்.

"எங்க?"

"இங்கதானுங்க. இடது கையில விமானம். வலது கட்டை விரல்ல ரிமோட் குச்சி இருக்கறதா நெனச்சுக்குங்க. கீழ இறங்குச்சுன்னா விரலைத் தள்ளுங்க, விமானத்தை மேல தூக்குங்க. வாயில சத்தம் வரோணும்."

"எல்லாரும் பார்க்கறாங்க அம்மிணி."

"பார்க்கட்டும். விழறப்பவும் அவங்கதானே பார்க்கறாங்க."

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். ரியாஸ் டீ குடிப்பதுபோல் முகத்தைத் தம்ளருக்குள் ஒளித்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் டாக்டர் குச்சியை வாங்கி நடக்க ஆரம்பித்தார்.

"ஓடுங்க."

ஓடினார்.

"சத்தம் வரலீங்க."

"டுர்ர்ர்" என்றார் டாக்டர்.

"அது ஸ்கூட்டருங்க."

ரியாஸுக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்து டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குளத்தைச் சுற்றி ஓடினார். பாதிச் சுற்றில் வெட்கம் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. முழுச் சுற்று முடிந்து மூச்சிரைக்க வந்து நின்றபோது, "இன்னொன்னு ஓடட்டுங்களா?" என்று அவரே கேட்டார்.

அதிலிருந்து அவருக்கு அதே வேலையாகப் போனது. காலையில் மொட்டை மாடியில் ஓடினார். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் ஓடினார். அவர் மனைவி பரிமளம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, பெட்ரோல் போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். சாப்பிடும்போதும் கட்டை விரல் தானாக முன்னால் போய், ரசத்தில் முங்கி எழுந்தது. ஒரு நோயாளி வாயைத் திறந்தபடியே, "எதுக்குங்க டாக்டர் விரலை ஆட்டறீங்க?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

காணும் பொங்கல் வந்தது. அன்றைக்குக் குளத்துக்காரர்கள் ஊர்ச்சனத்துக்கு வித்தை காட்டுவது வருசா வருசம் நடப்பது. கரை முழுக்கக் கூட்டம். கட்டுச்சோற்று மூட்டைகள், கரும்பு, குழந்தைகள். மைக் ரியாஸ் கையில். அது அவன் கைக்குப் போனால் திரும்பி வராது.

"அடுத்து, நம்ம பல் டாக்டர்" என்றான். "தலைகீழ் ஓட்டம். விமானத்துக்குப் பல் இருந்தா அதுவும் பயந்திருக்கும்."

கூட்டம் சிரித்தது. டாக்டர் வேட்டியைப் பிரித்து நாலாவதை எடுத்துத் தரையில் வைத்தார்.

"பக்கத்துல நிக்கறீங்களா அம்மிணி?"

"நிக்கறனுங்க. ஆனா வாய் திறக்க மாட்டேன்."

விமானம் ஓடி எழும்பியது. புதுசு என்று சொல்ல முடியாதபடி அழகாகப் பறந்தது. ஒரு வட்டம், ஒரு குட்டிக்கரணம். கரையில் கைதட்டினார்கள். டாக்டர் அதை வெகுதூரம் கொண்டுபோய்த் திருப்பி, மல்லாத்தி, தரையைப் பார்க்க இறக்கினார்.

வந்தது. சிவப்பு வயிறு வானத்தைப் பார்க்க, ஆள் உயரத்தில், கோடு போட்டதுபோல் வந்தது. குளத்தின் பாதியைத் தாண்டியபோது மெல்ல அமுங்கத் தொடங்கியது. ஆள் உயரம் இடுப்பு உயரமானது. இடுப்பு முழங்காலானது. மூன்று தடவையும் இந்த இடத்தில்தான் போனது. கை இழுக்கப் பார்த்தது.

"வ்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். அவர் வாயிலிருந்துதான் வந்தது. அவரை யாரும் கேட்கவில்லை, அதுவாகவே வந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. கட்டை விரல் முன்னால் போனது.

விமானம் ஏறியது.

தலைகீழாகவே குளத்தின் முழு நீளத்தையும் கடந்துவிட்டு, கரை நெருங்கியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜிவ்வென்று மேலே போனது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை தள்ளுகிறது, அவர் கையே தள்ளுகிறது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் தள்ளினார். விமானம் செங்குத்தாக ஏறியது. தள்ளினார். உச்சிக்குப் போய் வளைந்து திரும்பியது. இப்போது சிவப்பு வயிறு தரையைப் பார்த்தது, அதாவது விமானம் நேராகிவிட்டது. இனித் தள்ளினால் கீழேதான் போகும். பக்கத்தில் வாணி வாயைத் திறந்தார், சொன்ன சொல் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

டாக்டர் வ்ர்ர்ர் என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்.

நாலாவது விமானம் குளத்தின் நட்ட நடுவில் மூக்கைக் குத்தி இறங்கியது. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். கரையில் சத்தம் அடங்கிப் போனது. மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ரியாஸுக்குத் தெரியவில்லை. குளத்துக்காரர்கள் வழக்கப்படி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு மெல்ல நடக்கத் தொடங்கினார்கள்.

டாக்டர் நடக்கவில்லை. ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி ஓடினார். யாரும் பக்கத்தில் வருவதற்குள் அவர் பேச ஆரம்பித்தாயிற்று.

"பார்த்தீங்களா? தள்ளுச்சு. என்ர கை தள்ளுச்சு. ரியாஸு, நீ பார்த்தியா? முழங்கால் உயரத்துல இருந்து தள்ளுச்சப்பா."

"பார்த்தனுங்க டாக்டர்" என்றான் ரியாஸ். அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். விழுந்த விமானத்தைச் சுற்றி நின்று அப்படிச் சிரித்தவர்களை அந்தக் குளம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

டாக்டர் குனிந்து முறிந்த மஞ்சள் இறக்கையை எடுத்தார். எடுத்த பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் சொன்ன சத்தியம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் இறக்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு கழுத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றி வாணியிடம் நீட்டினார். முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் குறை இல்லை.

"வாங்கிக்குங்க அம்மிணி. சொன்னாச் சொன்னதுதான். நாலு ஆயிப்போச்சு. பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துட்டேன், போதும்."

"டாக்டர், அவசரப்படாதீங்க" என்றான் ரியாஸ்.

வாணி ரிமோட்டை வாங்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணில் புதைந்திருந்த மோட்டாரை விரலால் தோண்டி எடுத்தார். அதன் அச்சைச் சுற்றிப் பார்த்தார். அது சுற்றியது.

"இது எதனால விழுந்துச்சுங்க டாக்டர்?"

"தள்ளிட்டே இருந்துட்டேன். உச்சியில நேராயிருச்சு. அங்க இழுத்திருக்கோணும்."

"முன்னாடி மூணு விழுந்துதே, அதெல்லாம்?"

"அதெல்லாம் இழுத்துத்தான். தள்ள வேண்டிய எடத்துல இழுத்து."

வாணி மோட்டாரில் இருந்த மண்ணை ஊதி, அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப அந்தக் கணக்கு மூணோட தீர்ந்துபோச்சுங்க" என்றார். "இது ஒண்ணாவது."