மூன்று நாள் பாடாத தவளை

காட்டோரக் குளம் ஒன்றில் சவரிமுத்து என்றொரு தவளை இருந்தது. விடியற்காலையில் முதல் குரல் கொடுப்பது அதன் வேலை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று அது தொடங்கினால்தான் மற்றத் தவளைகள் வாயைத் திறக்கும். குளம் தளும்பிய நாளில் இதில் ஒரு சிரமமும் இல்லை. வயிறு நிறைந்திருந்தால் யாருக்குத்தான் பாட்டு வராது!

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் வற்றி, சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்தது. மற்றத் தவளைகள் ஈரம் தேடி மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துகொண்டன. கிழக்கே மதகடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். சவரிமுத்தும் ஒரு கிழட்டு நண்டும் அங்கே கிடந்தன.

சவரிமுத்தின் பிள்ளைகள் ஆறும் மேற்குக் கரையோரம் ஒரு குட்டையில் இருந்தன. வால்கூட முழுசாக மறையாத சின்னஞ்சிறுசுகள். அவற்றை அழைத்துவர உச்சிவெயிலில் தத்தித் தத்திப் போனது சவரிமுத்து. அங்கே குட்டையே இல்லை! வெறும் வெடிப்புதான். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டது. அடித்த அனல்காற்றில் அந்தக் குரல் எங்கே போனதோ! பிள்ளைகள் செத்துத்தான் போயிருக்கும் என்று அழுதுகொண்டே திரும்பியது.

மறுநாள் விடிந்தது. சவரிமுத்து வாயைத் திறந்தது, மூடிக்கொண்டது.

"என்னப்பா, இன்னைக்குப் பாட்டு இல்லையா?" என்றது நண்டு.

"என்னன்னு பாடுறது அண்ணே? நல்லா இருக்கேன்னா பொய். நன்றின்னு சொல்லப் போனா நெஞ்சு அடைக்குது. பாடாம இருந்தாலும் என்னவோ தப்புப் பண்ணின மாதிரி இருக்கு. ஒண்ணுமே புரியல!"

"புரிஞ்ச பிறகு பாடிக்கோ. உன் ஆண்டவர் எங்க ஓடிடப் போறார்!"

அதுவும் சரியென்றே பட்டது. அன்று பாடவில்லை. அடுத்த இரண்டு நாளும் பாடவில்லை. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. யோசித்துத் தெளிய அது என்ன மகா ஞானியா? பாவம், தவளைதானே!

நான்காம் நாள் கிழக்கு வெளுத்தபோது அதற்குப் பொறுக்கவில்லை.

"ஆண்டவரே! ஏன் இப்படிப் பண்றீங்கன்னு எனக்குத் தெரியல. உங்க மேல கோபமாக்கூட இருக்கு. ஆனா உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா? ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

குரல் கரகரத்தது. ராகமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் நண்டு சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெடிப்புகளுக்கு நடுவே ஏதோ தத்தியது. ஒன்று, இரண்டு... ஐந்து! உடம்பெல்லாம் புழுதி.

"அப்பா!"

"எங்கடா போனீங்க, என் கண்ணுங்களா!"

மூத்தது மூச்சு வாங்கியது. "ஈரம் தேடித் தூரமாப் போயிட்டோம்ப்பா. ஒரு எருமையோட குளம்படி பதிஞ்ச பள்ளத்துல பதுங்கியிருந்தோம். விடிஞ்சா நீங்க பாடுவீங்க, சத்தம் வர்ற பக்கம் வந்துடலாம்னு நினைச்சோம். மூணு நாளா நீங்க பாடவே இல்லையே! எந்தப் பக்கம் வர்றதுன்னே தெரியல."

சவரிமுத்து மறுபடி எண்ணிப் பார்த்தது. "சின்னவன் எங்கே?"

ஐந்தும் தலைகுனிந்தன. "நேத்து, 'இந்தப் பக்கம்தான் அப்பா இருக்கார்'னு தனியாப் போனான். திரும்பி வரல."

வந்த ஐந்துக்கு நன்றி சொல்வதா, வராத ஒன்றுக்கு அழுவதா? சவரிமுத்து இரண்டையும் சேர்த்தே செய்தது.

அடுத்த நாளும் மழை வரவில்லை. சின்னவனும் வரவில்லை. நண்டு மெல்லக் கேட்டது: "இப்பவாவது ஏதாச்சும் புரிஞ்சுதாப்பா?"

"இல்லண்ணே" என்றது சவரிமுத்து. மேற்கே பார்த்து உட்கார்ந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று முதல் குரல் கொடுத்தது. பக்கத்தில் ஐந்து பொடிக் குரல்கள் சேர்ந்துகொண்டன.

எல்லாம் புரிந்த பிறகு ஆண்டவரைத் துதிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கண்ணீரோடு சொல்லும் ஸ்தோத்திரமும் அவருக்குக் கேட்கும், வழி தெரியாமல் நிற்கும் யாரோ ஒருவருக்கு அது வழியும் காட்டும்.