மங்கிய தகடு

"மேடம், செல் சீக்கிரம் சாகாம இருக்க நான் போடுற சேர்மானம் எங்கதான் போகுது?"

மாசிலாமணிக்கு வயது நாற்பத்தாறு. கார் பேட்டரித் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை. லிதியம் செல் பற்றி ஆராய விடுப்பெடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். விடுப்பு முடிய மூன்று மாதம்தான். அதற்குள் ஒரு செல்லாவது நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால்தான் பட்டம். அவருடைய செல் ஒன்றுகூட முப்பதைத் தாண்டியதில்லை.

டாக்டர் நஸ்ரின் அவரைவிடப் பத்து வயது இளையவர். அவருக்கு ஆசிரியர்.

"எவ்வளவு போட்டீங்க, சார்?"

"எலக்ட்ரோலைட் திரவத்துல ரெண்டு சொட்டு. முதல் சார்ஜ் முடிஞ்சு திறந்து பார்த்தா பாதியக் காணோம். மறுபடி ஊத்தினேன். அதுவும் குறையுது. உள்ள எவனோ களவாணி இருக்கான்."

நஸ்ரின் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தன் செல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். நானூறு முறை தாண்டிய செல்.

"இதுல சேர்மானம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க."

மறுநாள் காலை மாசிலாமணி வந்து நின்றார்.

"துளிகூட இல்ல மேடம். போட மறந்துட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப எது இதக் காப்பாத்துச்சு?"

நஸ்ரின் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

மாசிலாமணி அன்று சாப்பிடப் போகவில்லை. சேர்மானம் மிச்சமிருக்கும் செல் சாகிறது. சேர்மானமே மிஞ்சாத செல் ஓடுகிறது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

மாலையில் நஸ்ரின் வந்தார். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு செல்லின் லிதியத் தகடுகளையும் அருகருகே வைக்கச் சொன்னார்.

மாசிலாமணியின் தகடு வெள்ளித் தட்டுபோல் மின்னியது. நஸ்ரினுடையதன் மேல் மெல்லிய படலம். மங்கிக் கிடந்தது.

"உங்களது மட்டும் எப்படி இவ்வளவு சுத்தம்?"

"திறக்கும்போதெல்லாம் சுரண்டிடுவேன் மேடம். பழைய பழக்கம். அழுக்குத் தகட்ட வெச்சு மூடினா எங்க ஃபோர்மேன் ஊரையே கூட்டிடுவாரு."

"சரி. என்னோடதையும் சுத்தம் பண்ணிக் கொடுங்க."

மாசிலாமணி பெட்டியில் பொருத்தியிருந்த கையுறைக்குள் கைவிட்டுக் கத்தியை எடுத்தார். முனையைப் படலத்தின் ஓரத்தில் வைத்தார்.

கை நின்றுவிட்டது.

"என்ன சார்?"

மின்னும் தன் தகட்டையும் அந்தப் படலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம்... காணாமப் போன சேர்மானம் இந்தப் படலம்தானா? இதுதான் செல்லக் காப்பாத்துதா?"

"இதுவரைக்கும் எத்தனை தகடு சுரண்டினீங்க?"

"பதினொண்ணு."

"பன்னிரண்டாவது செல்லைக் கட்டுங்க. கத்தி என்கிட்ட இருக்கட்டும்."